கடலடியில் இடமறிதல்: பிழையை அளந்த வரலாறு

(கண்டியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய வடிவம். பேச்சின் இடையே சொல்லப்பட்ட சில கிளைச் செய்திகள் குறைக்கப்பட்டுள்ளன.)



மலைகள் சூழ்ந்த கண்டியில் நின்று நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிப் பேசுவானேன் என்று, அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை பேராதனையில் இருக்கிறது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் புதுடில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். மலாயாவின் காடுகளுக்குள் ஆட்களை அனுப்பிய 136ஆம் படை என்ற இரகசிய அமைப்பின் தலைமையகமும் பின்னர் கண்டிக்கே வந்து சேர்ந்தது. அந்த ஆட்களில் பலர் இலங்கைத் துறைமுகங்களிலிருந்து நீர்மூழ்கிகளில் ஏறிப் போனவர்கள். பூங்காவை வளைத்து ஓடும் மகாவலி கங்கை கடலைச் சேரும் இடம் கொட்டியாரக் குடா. அந்தக் குடாவை அடுத்த திருகோணமலைத் துறைமுகமே பிரித்தானிய நீர்மூழ்கிகளின் தளமாக இருந்தது. ஆகவே கண்டிக்கும் இந்தப் பொருளுக்கும் உள்ள உறவு நான் வலிந்து கட்டியது அன்று.

இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே ஒன்று. நீருக்குள் இருக்கும் கப்பலுக்குத் தன் இடம் உறுதியாகத் தெரிவதில்லை. நினைத்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கக்கூடும் என்பதை மட்டுமே அது கணிக்க முடியும். வரைபடத்தில் அது ஒரு புள்ளியாக ஓடுவதில்லை, ஒரு வட்டமாக ஓடுகிறது. நேரம் போகப் போக அந்த வட்டம் பெருக்கும். கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் கருவிகள் பல வந்தன, போயின. உண்மையில் வளர்ந்தது அந்தப் பிழைவட்டத்தின் அளவை நேர்மையாகச் சொல்லும் திறமை. இதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1

திருகோணமலையிலிருந்து சுமாத்திராவின் வடமுனையைக் கடந்து பினாங்குக்குப் போக ஏறத்தாழ 1,150 கடல்மைல். 1943, 1944ஆம் ஆண்டுகளில் இந்த வழியில் ஓடியவை பெரும்பாலும் பிரித்தானிய, ஒல்லாந்து நீர்மூழ்கிகள். 1944 ஜனவரி 11 அன்று பினாங்குக்கு வெளியே யப்பானியக் குரூசர் ‘குமா’வை மூழ்கடித்த ‘டாலி ஹோ’ அவற்றுள் ஒன்று. அந்தக் கப்பல்கள் உண்மையில் நீரில் மூழ்கக்கூடிய மேற்பரப்புக் கப்பல்கள்தான். இரவில் மேலே வந்து டீசல் எஞ்சினில் ஓடி மின்கலங்களை ஏற்றிக்கொள்ளும். பகலில் அமிழ்ந்து, மணிக்கு இரண்டு மூன்று கடல்மைல் என்ற கதியில் ஊரும்.

அமிழ்ந்திருக்கும் வேளையில் வழி அறிவதற்கு மாலுமியிடம் மூன்று செய்திகள் இருந்தன: திசை, நீரில் ஓடிய கதி, கடந்த நேரம். கதியை நேரத்தால் பெருக்கி, திசைப்படி கோடு இழுத்தால் இருப்பிடம் கிடைக்கும். பழைய பாய்க்கப்பல் மாலுமிகளின் முறை இதுவே. ஆனால் அந்தக் கதி நீரைச் சார்ந்த கதி. நீரே நகர்ந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? இலங்கைக்குத் தெற்கே உள்ள கடலின் நீரோட்டம் பருவக்காற்றோடு திசை மாறுகிறது. தென்மேல் பருவத்தில் கிழக்கே ஓடும் நீர், வடகீழ்ப் பருவத்தில் மேற்கே ஓடுகிறது. கணக்கில் வராத நீரோட்டம் மணிக்கு ஒரு கடல்மைலாக இருந்தால், பகல் பன்னிரண்டு மணித்தியாலத்தில் கப்பல் பன்னிரண்டு கடல்மைல், அதாவது 22 கிலோமீற்றர், தன்னை அறியாமலே தள்ளப்பட்டுவிடும்.

பிழையைத் திருத்த விண்மீன்கள் இருந்தன. செக்ஸ்டன்ட் என்ற கோணமானியால் விண்மீனின் உயரத்தை அளக்க, மீனும் தெரிய வேண்டும், அடிவானக் கோடும் தெரிய வேண்டும். இரண்டும் ஒருசேரத் தெரிவது விடியலிலும் அந்தியிலும் சில நிமிடங்கள்தான். எதிரி விமானத்தின் கண்ணில் படாமல் இருக்க நீர்மூழ்கி அமிழ்ந்திருக்க விரும்பும் நேரமும் அதுவே. தலைவன் ஒவ்வொரு நாளும் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தான். வானம் மூடியிருந்தால் அந்தத் தெரிவுகூட இல்லை.

போரில் கலங்கரை விளக்கங்கள் அணைந்திருந்த கரையில், குறித்த இரவில், குறித்த இடத்தில் ஒரு சீனப் பாய்மரப் படகைச் சந்திப்பது என்றால் என்ன என்பதை இந்தப் பின்னணியில் நினைத்துப் பாருங்கள். 1943 மே மாதம் 136ஆம் படையின் ஜோன் டேவிஸ் குழுவினரை ‘ஓ 24’ என்ற ஒல்லாந்து நீர்மூழ்கி மலாயாக் கரையில் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் அதே படையைச் சேர்ந்த, சிங்கப்பூர்த் தமிழரும் இன்று நன்கறிந்த லிம் போ செங் நீர்மூழ்கியில் போய் இறங்கினார். 1945 மே மாதம் பாங்கோர்த் தீவுக்கு அருகே ஸ்பென்சர் சப்மனை ஏற்றி வந்தது ‘ஸ்டேட்ஸ்மன்’. திரும்பி வராதவையும் உண்டு. 1944 பெப்ரவரி இறுதியில் திருகோணமலையை விட்டுப் புறப்பட்ட ‘ஸ்டோன்ஹெஞ்’ எங்கே, எப்படி மறைந்தது என்பது இன்றுவரை தெரியாது.

2

மேலே சொன்ன மூன்று செய்திகளில் திசைதான் முதலில் சிக்கல் கொடுத்தது. 1776இல் நியூயோர்க் துறைமுகத்தில் டேவிட் புஷ்னெல்லின் ‘ஆமை’ என்ற மரக் கலம் ஒற்றை ஆளோடு நீருக்குள் இறங்கியது. உள்ளே மெழுகுதிரி ஏற்றினால் மூச்சுவிடக் காற்றுப் போதாது. அதனால் திசைகாட்டியின் முள்ளும் ஆழமானியும் இருட்டில் தெரிய, தானே ஒளிரும் பூஞ்சணம் பிடித்த மரச் சில்லைப் பொருத்தினார்கள். மரக் கலத்தில் காந்த முள் ஒழுங்காக வேலை செய்யும். உருக்கினால் கட்டி, உள்ளே மின்மோட்டர்களையும் மின்கலங்களையும் நிரப்பிய கலத்தில் அது தடுமாறும்.

தீர்வு தந்தவர் ஜேர்மனியரான ஹேர்மன் அன்சூட்ஸ்-கெம்ப்ஃபே. பனிக்கு அடியால் நீர்மூழ்கியில் வடமுனைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய கனவு. காந்தத்தை நம்பாத திசைகாட்டி ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. விரைந்து சுழலும் சில்லு ஒன்று, புவியின் சுழற்சியை உணர்ந்து, தன் அச்சை உண்மை வடக்குக்குத் திருப்பிக்கொள்ளும்படி அவர் அமைத்தார். 1908இல் ஜேர்மன் கடற்படை அதைச் சோதித்தது. அமெரிக்காவில் எல்மர் ஸ்பெரி தனக்கென ஒன்றைச் செய்தார். இருவருக்கும் இடையே எழுந்த காப்புரிமை வழக்கில் நிபுணராக அறிக்கை கொடுத்தவர் அல்பேர்ட் ஐன்ஸ்டைன்.

இந்த ஜைரோ திசைகாட்டி நாட வேண்டியது புவிச் சுழற்சியின் கிடைக்கூறு. மத்திய கோட்டருகே அது மிக வலுவானது, நம்முடைய அகலக்கோட்டில் கருவி செம்மையாக இயங்கும். வடக்கே போகப் போக அது குறைந்து, முனையில் பூச்சியமாகிறது. வடமுனையை நினைத்துப் படைத்த கருவி வடமுனையிலேயே பயன்படாது. 1957இல் அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கி ‘நோட்டிலஸ்’ ஆட்டிக் பனிக்கடியில் 87 பாகை வரை போய், மின்தடையால் ஜைரோக்கள் இரண்டும் செயலிழக்க, திரும்பி வந்தது. தலைக்கு மேலே பனி. மேலே எழுந்து விண்மீன் பார்க்க வழியில்லை. அந்த இடத்தில் பிழைவட்டத்தின் அளவுகூடத் தெரியாமல் போனது.

3

அடுத்த ஆண்டே நோட்டிலஸ் மீண்டும் போனது. இம்முறை அதில் ‘என்6ஏ’ என்ற சடத்துவ வழிகாட்டி பொருத்தப்பட்டிருந்தது. கைவிடப்பட்ட ‘நவாஹோ’ ஏவுகணைத் திட்டத்திலிருந்து எடுத்தது. 1958 ஓகஸ்ட் 3 அன்று நோட்டிலஸ் 116 பேருடன் வடமுனையின் அடியால் சென்றது.

சடத்துவ வழிகாட்டலின் தத்துவம் உங்களுக்குப் பழக்கமானதுதான். கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டிருப்பவருக்கும் கடுகண்ணாவை வளைவுகள் உடம்பில் தெரியும். பக்கவாட்டில் தள்ளினால் வளைவு, பின்னே அழுத்தினால் வேகம் கூடுகிறது, முன்னே சாய்த்தால் பிரேக். ஆர்முடுகல் வெளியே பார்க்காமலே உணரக்கூடியது. அதை அளந்து நேரத்தோடு ஒருமுறை தொகையிட்டால் வேகம். இன்னொருமுறை தொகையிட்டால் தூரம். வெளியுலகைக் கேட்கவும் வேண்டாம், வெளியுலகுக்குச் சொல்லவும் வேண்டாம். ஒளிந்திருக்க வேண்டிய கப்பலுக்கு இதைவிட உகந்த முறை வேறில்லை.

இரட்டைத் தொகையீட்டில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஆர்முடுகல்மானி புவியீர்ப்பின் ஓர் இலட்சத்தில் ஒரு பங்கு மட்டும் தவறாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் பிழை ஏறத்தாழ 635 மீற்றர். பிழை நேரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், ஒரு நாள் முடிவில் 366 கிலோமீற்றர். திருகோணமலையில் நிற்கும் கப்பல் இந்தியக் கரையில் நிற்பதாகச் சொல்லிவிடும்.

ஆனால் உண்மையில் அப்படி ஆவதில்லை. காரணத்தை 1923இல் மக்ஸ் ஷூலர் விளக்கினார். அவர் அன்சூட்ஸின் உறவினர். கருவியைத் தாங்கும் தட்டு எப்போதும் கிடையாக இருக்க வேண்டும். புவி உருண்டை என்பதால், கப்பல் நகர நகர கிடைத்தளமும் சாய்கிறது. எனவே ஓடியதாகக் கணித்த தூரத்துக்கு ஏற்பத் தட்டைத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். கணிப்பு மிகையானால் தட்டு மிகையாகச் சாயும். சாய்ந்த கணமே புவியீர்ப்பின் ஒரு சிறு கூறு ஆர்முடுகல்மானியில் விழும். அது விழுவது பிழைக்கு எதிர்த்திசையில். பிழை தானே தன்னைத் திருப்பி இழுத்துக்கொள்கிறது. முடிவில் அது வளராமல் ஊசலாடுகிறது. அந்த ஊசலின் காலம் 84.4 நிமிடம். புவியின் ஆரையளவு நீளமான ஊசல் ஒன்று இருக்குமானால் அது ஆடும் காலமும் அதுவே. முன்னே சொன்ன அதே ஓர் இலட்சத்தில் ஒரு பங்குப் பிழை இப்போது ஏறத்தாழ 127 மீற்றருக்கு மேல் போக முடியாது.

366 கிலோமீற்றரும் 127 மீற்றரும்! கருவியில் ஒரு திருகுகூட மாறவில்லை. பிழை எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் புரிந்துகொண்டதால் வந்த வேறுபாடு இது. கடல்வழி அறிதலின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இதுதான்.

ஷூலரின் ஊசல் எல்லாவற்றையும் கட்டிப்போடுவதில்லை. ஜைரோவின் அச்சு மெல்ல நழுவுவதை அது தடுக்காது. மணிக்கு ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு நழுவினாலே, மணிக்கு 0.6 கடல்மைல் பிழை சேரும். இந்த நழுவலைக் குறைக்க, வெற்றிடத்தில் மின்விசையால் தாங்கிய பெரிலியக் கோளத்தைச் சுழற்றினார்கள். பின்னர் அசையும் உறுப்பே இல்லாத லேசர் ஜைரோக்களும் ஒளியிழை ஜைரோக்களும் வந்தன. குளிர்வித்த அணுக்களைக் கொண்டு ஆர்முடுகலை அளக்கும் குவாண்டம் கருவியை 2023இல் பிரித்தானியக் கடற்படையின் சோதனைக் கப்பலொன்றில் ஏற்றிப் பார்த்தார்கள். வட்டம் இப்போது மெதுவாகப் பெருக்கிறது. பெருக்காமல் இல்லை.

4

ஆர்முடுகல்மானிக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. கப்பல் வேகம் கூட்டுவதையும், புவியீர்ப்பு சற்றே சாய்ந்து இழுப்பதையும் அதனால் பிரித்தறிய முடியாது. கண்டியைச் சூழ்ந்த மலைகள் தூக்குக்குண்டைத் தம் பக்கம் சற்றே இழுக்கின்றன. கடலடி மலைகளும் பள்ளங்களும் அதையே செய்கின்றன. தூக்குக்குண்டின் நூல் இரண்டு விகலை சரிந்தாலே, நாம் மேலே கணக்குப் போட்ட ஓர் இலட்சத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். கருவி எவ்வளவு நுட்பமாகிறதோ, அவ்வளவுக்குப் புவியின் உருவத்தை அறிந்திருக்க வேண்டியதாகிறது.

கடலில் புவியீர்ப்பை முதன்முதலில் நம்பகமாக அளந்ததும் நீர்மூழ்கிக்குள்தான். 1923இல் ஒல்லாந்து விஞ்ஞானி பீலிக்ஸ் வெனிங் மெய்னஸ் ‘கே 2’ என்ற சிறிய நீர்மூழ்கியில் ஏறி, சுயஸ் வழியாக இந்து சமுத்திரத்தைக் கடந்து ஜாவாவுக்குப் போனார். ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரமான மனிதர், நிமிர்ந்து நிற்க இடமில்லாத கலத்தில் மாதக்கணக்கில் பயணம் செய்தார். அலையில் ஆடும் கப்பலில் ஊசல் பயன்படாது. சில பத்து மீற்றர் அமிழ்ந்தால் அலை அடங்கிவிடும். மிஞ்சிய அசைவை நீக்க, ஒரே சட்டத்தில் பல ஊசல்களைத் தொங்கவிட்டு, இரண்டு இரண்டாக அவற்றின் வேறுபாட்டை ஒளிப்படத் தாளில் பதிந்தார். கப்பலின் கிடையசைவு இரண்டு ஊசல்களையும் ஒன்றுபோல் தள்ளுவதால் வேறுபாட்டில் அது கழிந்துபோகும். இங்கும் அவர் பிழையை ஒழிக்கவில்லை. இரண்டு கருவியிலும் அதை ஒரே அளவாக்கிக் கழித்தார்.

அவர் கண்டவற்றுள் ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில், புவியிலேயே ஈர்ப்புமட்டம் மிகத் தாழ்ந்த பரப்பு உள்ளது. அங்கே கடல்மட்டம் கணித நீள்கோளத்தைவிட ஏறத்தாழ 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. 1948இல் இதை இனங்கண்டவர் வெனிங் மெய்னஸ். மேலே ஓடும் கப்பலில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஏனெனில் நீரும் தூக்குக்குண்டும் சேர்ந்தே இறங்குகின்றன. புவியின் மூடகத்துக்குள்ளிருந்து எழும் வெப்பமான, பாரம் குறைந்த பொருளே இதற்குக் காரணம் என்று பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தின் ஆய்வாளர்கள் 2023இல் விளக்கினார்கள். நம் பாடநூல்களில் இதற்கு ஒரு பந்தியாவது ஒதுக்கவேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

5

வட்டம் பெருத்தால் அதைச் சுருக்க வெளியுலகைக் கேட்டே ஆக வேண்டும். கடல்நீரில் வானொலி அலை புகாது. ஜிபிஎஸ் சமிக்ஞை சில சென்ரிமீற்றரிலேயே மடிந்துவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை மட்டும் பத்து, இருபது மீற்றர் வரை இறங்கும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ‘ஐஎன்எஸ் கட்டபொம்மன்’ நிலையம் அந்த வகை. ஆழத்தில் இருக்கும் இந்திய நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. இதே அலைவரிசைக் குடும்பத்தில் இடமறியவும் ‘ஒமேகா’ என்ற அமைப்பு இருந்தது. எட்டு நிலையங்களில் நமக்கு அண்மையானது ரியூனியன் தீவில் இருந்தது. 1997இல் அதை மூடினார்கள்.

மூடக் காரணம் செய்மதி. 1957 ஒக்ரோபரில் ஸ்புட்னிக் எழுந்தபோது, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கையரும் வைஃபன்பாக்கும் அதன் வானொலிச் சமிக்ஞையின் டொப்ளர் பெயர்ச்சியைக் கொண்டு அதன் பாதையைக் கணித்தார்கள். பிராங்க் மக்ளூர் அதைத் தலைகீழாக்கினார்: பாதை தெரிந்தால், கேட்பவர் நிற்கும் இடத்தைக் கணிக்கலாம். போலாரிஸ் ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிகளின் ஜைரோ நழுவலைத் திருத்த அப்படி ஒன்று உடனே தேவைப்பட்டது. ‘டிரான்சிட்’ என்ற அந்தச் செய்மதி அமைப்பு 1964இல் கடற்படைப் பாவனைக்கு வந்தது, 1996 வரை இயங்கியது. உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கும் வரைபடத்தின் மூதாதை அதுதான். நீர்மூழ்கியின் பிழையைத் திருத்தவே செய்மதி வழிகாட்டல் பிறந்தது.

அன்ரெனாவை நீருக்கு மேலே நீட்டினால் இடம் தெரியும், நீட்டியவரையும் பிறர் காண்பர். எவ்வளவு பெரிய வட்டத்தோடு எவ்வளவு நேரம் அமிழ்ந்திருக்கத் துணியலாம் என்பது இன்றும் தலைவரின் தீர்ப்பே.

6

கப்பலின் பிழை சுருங்கியதும், மறைந்திருந்த வேறொரு பிழை வெளியே வந்தது. 2005 ஜனவரி 8 அன்று குவாம் தீவுக்குத் தெற்கே, 160 மீற்றர் ஆழத்தில் விரைந்துகொண்டிருந்த ‘சன் பிரான்சிஸ்கோ’ என்ற அமெரிக்க நீர்மூழ்கி கடலடி மலையொன்றில் நேரே மோதியது. ஒரு மாலுமி உயிரிழந்தார், ஏறத்தாழ நூறு பேர் காயமுற்றனர். தன் இடம் அதற்குத் தெரிந்திருந்தது. பாவனையில் இருந்த வரைபடத்தில் மலை இல்லை. கப்பலிலேயே இருந்த வேறு வரைபடத்தில் அப்பகுதியில் ஆபத்து இருக்கலாம் என்ற குறிப்பு இருந்தது, அதை எடுத்து இதில் குறிக்கவில்லை. 2021 ஒக்ரோபரில் ‘கனெக்ரிகட்’ என்ற இன்னோர் அமெரிக்க நீர்மூழ்கி தென்சீனக் கடலில் வரைபடமாக்கப்படாத மலையில் மோதியது.

உலகக் கடலடியில் நவீன முறையில் அளந்தது ஏறத்தாழக் கால்பங்குதான். எஞ்சியதை, செய்மதி தரும் கடல்மட்ட அளவீட்டிலிருந்து ஊகித்து வரைந்திருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் தெளிவான கோடு ஒன்றைப் பார்த்தால் அது அளந்த கோடு என்று நம்பிவிடுகிறோம். அளந்ததா, ஊகித்ததா, எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்லாத வரைபடம் ஆபத்தானது.

இது நம் நாட்டுக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்புக்கு வந்தது. 2023இல் ‘வாகீர்’, 2024இல் ‘கரஞ்ச்’ என்ற இந்திய நீர்மூழ்கிகள் வந்தன. வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் நம் கடலுக்குள் வருவதை இலங்கை 2024இல் ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தது. கடலடியின் ஆழமும் ஈர்ப்பும் உப்பும் மீன்வளத்துக்கும் உதவும், நீர்மூழ்கிக்கும் உதவும். அவற்றைப் பிறர் அளந்து பிறர் வைத்திருப்பதைவிட நாம் அளந்து நாம் வைத்திருப்பதே சரி என்பது என் தீர்ப்பு.  கடலளவைப் பணியில் ஈடுபடும் தமிழ்மொழி மூலப் பட்டதாரிகள் இன்னும் பலர் வேண்டும்.

இங்கு வந்திருக்கும் உயர்தர ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் எளிய ஊசலை ஆட்டி புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காண்கிறார்கள். வெனிங் மெய்னஸ் நீர்மூழ்கிக்குள் தொங்கவிட்ட ஊசலின் தம்பிதான் அது. மாணவர் 9.8 என்று எழுதியதும் சரி என்று கோடிட்டுவிடாதீர்கள். அதில் எவ்வளவு பிழை இருக்கலாம், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விடையை எழுதும் வரை அந்தச் செய்முறைக்குப் புள்ளி போடாதீர்கள்.